பெயிண்ட் அண்ட் சிப்: கையில் பிரஷ், பக்கத்தில் கிளாஸ் – முதல்முறை போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கு என்றாவது ஒருநாள் ஆபீஸ் காலண்டரில் இப்படி ஓர் அழைப்பு வந்து விழும்: “வியாழன் மாலை 6 மணி, டீம் அவுட்டிங், பெயிண்ட் அண்ட் சிப்.” ஆபீஸ் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெண்மணியின் பிறந்தநாளாக இருக்கும். அழைப்பு வந்த அன்றே வாட்ஸப்பில் கேள்விகளும் வந்துவிடும். என்னிடம் வந்தவற்றையும், நானே ஒருகாலத்தில் மற்றவர்களிடம் கேட்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் இருப்பது நியூ ஜெர்சி. மாநிலத்துக்கு மாநிலம் மாறும் விஷயங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

இது ஓவிய வகுப்பா, பார்ட்டியா?

பார்ட்டிதான். வகுப்பு என்பது ஒரு சாக்கு. நீள மேசைகளில் இருபது முப்பது பேர் உட்காருவார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் சின்ன ஸ்டாண்டில் ஒரு வெள்ளைக் கேன்வாஸ், மூன்று பிரஷ், ஒரு கப் தண்ணீர், காகிதத் தட்டில் நாலைந்து கலர். முன்னால் ஒருவர் மைக் மாட்டிக்கொண்டு ஒரு படத்தைப் படிப்படியாக வரைந்து காட்டுவார். அதே படத்தை எல்லாரும் பார்த்து வரைய வேண்டும். நடுவே குடிக்கலாம், கொறிக்கலாம், அரட்டை அடிக்கலாம். இரண்டு, மிஞ்சினால் இரண்டரை மணி நேரத்தில் வரைந்த படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

உண்மையாகவே ஓவியம் கற்க ஆசை என்றால் இது அதற்கான இடமில்லை. உங்கள் ஊர்க் கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பு இருக்கும், அதில் சேருங்கள்.

யார் ஆரம்பித்தது இதை?

அமெரிக்காவின் தென்பகுதியில் தொடங்கியது. 2000களின் தொடக்கத்திலேயே அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமில் ‘சிப்ஸ் அண்ட் ஸ்ட்ரோக்ஸ்’ என்ற ஸ்டூடியோ நடந்துகொண்டிருந்தது. 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் பக்கத்தைப் புரட்டிப்போட்டது. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, அந்நகரை ஒட்டிய ஏரிக்கு அக்கரையில் உள்ள மேண்டவில் என்ற ஊரில் இரண்டு பெண்கள் சேர்ந்து தொடங்கியதுதான் ‘பெயிண்டிங் வித் எ ட்விஸ்ட்’. பிறகு அது கிளை கிளையாக நாடு முழுக்கப் பரவியது. 2012இல் பாஸ்டனில் வந்த ‘பெயிண்ட் நைட்’ வேறு வழி பிடித்தது. சொந்த ஸ்டூடியோ எதற்கு, வாரநாளில் ஈயோட்டும் பார்களில் மேசை போட்டால் போதாதா என்று யோசித்தார்கள். பாருக்கும் லாபம், இவர்களுக்கும் வாடகை மிச்சம்.

எனக்கு வரையவே வராது. இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரம். அதற்கு மேல் தெரியாது.

அந்தப் படம் வரையத் தெரிந்தால் நீங்கள் ஏற்கெனவே பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். இந்த வகுப்புகளில் கொடுக்கும் படங்களில் பாதி அதேதான்: அந்திச் சூரியன், தண்ணீர், ஓரத்தில் ஒரு மரம். பிரஷ்ஷைக் கடைசியாக ஐந்தாம் வகுப்பில் பிடித்தவர்களை மனதில் வைத்துத்தான் அந்தப் படங்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். சில இடங்களில் கேன்வாஸில் கோட்டுருவம் முன்கூட்டியே லேசாகப் போட்டிருக்கும்.

அங்கே உண்மையில் தடுமாறுவது வரையத் தெரியாதவர்கள் இல்லை, கொஞ்சம் தெரிந்தவர்கள். சொல்லித்தருபவர் வானத்தை முடித்து மலைக்குப் போயிருப்பார். இவர்கள் இன்னும் மேகத்தின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள்.

படத்தை நானே தேர்ந்தெடுக்கலாமா? எது சுலபம்?

ஆபீஸ் கூட்டமென்றால் படத்தை வேறு யாராவது முடிவுசெய்திருப்பார்கள். நீங்களாகப் பதிவுசெய்தால், ஸ்டூடியோவின் மாதக் காலண்டரில் எந்தத் தேதிக்கு எந்தப் படம் என்று போட்டிருக்கும்.

முதல் தடவைக்கு அந்தி வானத்துக்கு முன்னால் கருநிழலாக நிற்கும் மரத்தைச் சொல்வேன். கிளை எப்படி வளைந்தாலும் அது கிளைதான், தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளைப் பட்டையுள்ள பிர்ச் மரக் காடு, நிலா, அலை இவையும் நல்லவை. முகம், கை, கட்டடம், ஒயின் பாட்டில் இருக்கும் படங்களைத் தவிர்த்துவிடுங்கள். பாட்டிலின் இடது தோளும் வலது தோளும் ஒரே அளவில் வருவது லேசுப்பட்ட காரியமில்லை.

டச்சு ஓவியர் வான் கோவின் ‘விண்மீன் இரவு’ எல்லா ஊரிலும் மாதம் ஒருமுறையாவது வரும். 1889இல் தெற்கு பிரான்சின் சான் ரெமியில், மனநலக் காப்பகத்தில் இருந்தபோது வரைந்தது. மூலப்படம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்க்கச் சிக்கலாகத் தெரிந்தாலும் எல்லாமே குட்டிக் குட்டிக் கோடுகள்தான். பொறுமை இருந்தால் துணிந்து எடுக்கலாம்.

ஆபீஸ் பார்ட்டி என்றாலே எனக்கு அலர்ஜி. இதுவும் அப்படித்தானா?

இல்லை. இந்தப் பக்கத்தை நான் எழுதுவதற்கே முக்கியக் காரணம் இந்தக் கேள்விதான்.

‘ஹேப்பி அவர்’ என்று வேலை முடிந்ததும் பாருக்குக் கூட்டிப்போகும் இடத்தில் நம்மில் பலருக்கு என்ன நடக்கும் என்று தெரியும். கையில் ஆரஞ்சு ஜூஸ், சுவரோரம் ஓர் இடம். யாராவது வந்து “வீக்கெண்ட் எப்படிப் போச்சு?” என்று கேட்டால் இரண்டு வாக்கியம். பிறகு அமெரிக்கக் கால்பந்துப் பேச்சு வரும், நமக்குத் தலையும் தெரியாது வாலும் தெரியாது. நாற்பது நிமிடம் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்ததும் “டிராஃபிக் இருக்கும்” என்று கிளம்பிவிடுவோம்.

இங்கே எல்லாருடைய கண்ணும் கேன்வாஸில் இருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேச வேண்டிய கட்டாயமே இல்லை. பேச்சு நின்றால் சங்கடமும் இல்லை, பிரஷ் பேசிக்கொண்டிருக்கும். “உங்க வானம் எப்படி ஊதாவா வந்துச்சு?” என்பது போதும், பேச்சு தானாகத் தொடங்கிவிடும். மூன்று வருடம் ஒரே டீமில் இருந்தும் ஜூம் சதுரத்தில் மட்டும் பார்த்த ஒருவர், கலர் தட்டைப் பகிர்ந்துகொள்ளும்போது தன் ஊரைப் பற்றி, மகளைப் பற்றிச் சொல்வார். நாம் பதில் சொல்லும்போதும் மலையைப் பார்த்துக்கொண்டே சொல்லலாம். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிடத் தோதான ஆபீஸ் விருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

நான் குடிக்க மாட்டேன். போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களா?

யாரும் பார்க்க மாட்டார்கள். வண்டி ஓட்டுபவர், மருந்து சாப்பிடுபவர், கர்ப்பிணி, மதக் காரணம், வெறுமனே பிடிக்காதவர் என்று குடிக்காதவர்கள் எல்லா மேசையிலும் இருப்பார்கள். “நோ தேங்க்ஸ், ஐ ஆம் குட்” என்றால் விஷயம் முடிந்தது. ஏன் என்று விளக்கத் தேவையில்லை. விளக்க ஆரம்பித்தால்தான் பேச்சு நீளும். சோடாவில் எலுமிச்சை பிழிந்து கையில் வைத்துக்கொண்டால் கேள்வியே வராது.

மேனேஜர் முன்னால் குடிக்கலாமா?

அவர் குடித்தால் நீங்களும் ஒரு கிளாஸ் குடிப்பதில் தப்பில்லை. இரண்டாவது கிளாஸுக்கு முன்னால், நாளைக் காலை 9 மணிக்கு இதே மனிதர்களோடு மீட்டிங் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு குடித்தால் வண்டி ஓட்டலாம்?

ஓட்டப்போகிறவர் குடிக்காமல் இருப்பதே பதில். கணக்கு கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்கக் கணக்கில் ஒரு ‘டிரிங்க்’ என்பது 14 கிராம் சுத்த ஆல்கஹால். 12 சதவீத ஒயினில் அது 5 அவுன்ஸ், கிட்டத்தட்ட 150 மில்லி. 5 சதவீத பியரில் 355 மில்லி. 750 மில்லி ஒயின் பாட்டிலில் ஐந்து டிரிங்க் இருக்கிறது. பிளாஸ்டிக் கப்பில் விளிம்புவரை ஊற்றினால் அது ஒன்றில்லை, இரண்டு. உடம்பு மணிக்குச் சுமார் ஒரு டிரிங்க் அளவைத்தான் கரைக்கும். கறுப்புக் காபி, குளிர்ந்த தண்ணீர் எதுவும் அதை வேகப்படுத்தாது.

ரத்தத்தில் 0.08 சதவீதம் என்பது சட்ட வரம்பு, யூட்டா மாநிலத்தில் மட்டும் 0.05. வரம்புக்குக் கீழே இருந்தாலும் ஓட்டுவது தடுமாறினால் பிடிக்கலாம்.

விசாவில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள். குடித்துவிட்டு ஓட்டியதற்காகக் கைதானால், நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திராமலேயே விசா முத்திரையை ரத்து செய்ய அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு அதிகாரம் உண்டு. 2015க்குப் பிறகு இது பலருக்கு நடந்திருக்கிறது. நாட்டுக்குள் இருக்கும்வரை வேலையில் தொடர வாய்ப்பிருக்கும். ஆனால் அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போனால், திரும்பி வரப் புதிதாக விண்ணப்பித்து, மருத்துவப் பரிசோதனையும் முடித்துக் காத்திருக்க வேண்டிவரும். பத்து டாலர் ஒயினுக்காக இவ்வளவா? ஊபர் போட்டுக்கொள்ளுங்கள்.

மிச்சம் வைத்த பாட்டிலைக் காரில் எடுத்துவருவதும் கவனிக்க வேண்டியது. திறந்த பாட்டில் ஆள் உட்காரும் பகுதியில் இருப்பது பெரும்பாலான மாநிலங்களில் குற்றம். குடிக்காதவர் ஓட்டினாலும் குற்றம்தான். மூடி டிக்கியில் வையுங்கள், அல்லது அங்கேயே கொட்டிவிடுங்கள்.

ஐடி கேட்பார்களா?

குடிப்பதாக இருந்தால் கேட்பார்கள், தலை நரைத்திருந்தாலும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். மாநில ஓட்டுநர் உரிமம் போதும். அது இல்லாதவர்களுக்கு அசல் பாஸ்போர்ட். போனில் எடுத்த படத்தைப் பல இடங்களில் ஏற்பதில்லை.

பதிவுப் பக்கத்தில் ‘பி.ஒய்.ஓ.பி.’ என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால்?

உங்கள் பாட்டிலை நீங்களே கொண்டுவர வேண்டும் என்று பொருள். நியூ ஜெர்சியில் இது அதிகம். இங்கே மதுக்கூட உரிமம் மக்கள்தொகையை வைத்துத்தான் தருகிறார்கள், 3,000 பேருக்கு ஒன்று என்று. அதனால் உரிமத்தின் விலை எங்கோ போய்விட்டது, சின்ன ஸ்டூடியோக்களுக்குக் கட்டுப்படியாகாது. வேறு மாநிலங்களில் ஸ்டூடியோவுக்குள்ளேயே பார் இருக்கும். அங்கே வெளிப் பாட்டில் கொண்டுபோனால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆகவே எது என்று முதலில் பாருங்கள்.

நியூ ஜெர்சி சூப்பர் மார்க்கெட்டுகளில் பெரும்பாலும் மது இருக்காது, தனிக் கடைக்குத்தான் போக வேண்டும். கார்க் திறக்கும் சாமான் தேடி அல்லாடாமல் இருக்கத் திருகு மூடி பாட்டிலாக வாங்குங்கள். விஸ்கி, பிராந்தி வேண்டாம். இந்த மாதிரி இடங்களில் ஒயினும் பியரும்தான் வழக்கம், பல ஸ்டூடியோக்கள் மற்றதை உள்ளேயே விடாது.

செலவு?

ஆளுக்கு 35 முதல் 50 டாலர் வரை இருக்கும். கேன்வாஸ், பெயிண்ட், பிரஷ், ஏப்ரன் எல்லாம் அதில் அடக்கம், குடி அடக்கமில்லை. வாரநாளில் கூப்பனோடு குறையும். வளர்ப்பு நாய், பூனை படம் வரையும் வகுப்பு மட்டும் கூடுதல். முன்னதாகவே புகைப்படம் அனுப்பினால், உங்கள் செல்லத்தின் உருவத்தைக் கேன்வாஸில் கோடாகப் போட்டு வைத்திருப்பார்கள். சொல்லித்தந்தவருக்கு டிப்ஸ் வைப்பது இங்கத்து வழக்கம், ஐந்து டாலர் வைத்தாலும் மகிழ்ச்சி. ஆபீஸ் கணக்கென்றால் டிப்ஸும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன உடுத்திக்கொண்டு போவது?

போனால் போகட்டும் என்கிற சட்டை. ஏப்ரன் தருவார்கள், அது முழங்கையைக் காப்பாற்றாது. பயன்படுத்துவது அக்ரிலிக் பெயிண்ட். ஈரமாக இருக்கும்வரை தண்ணீரில் கரையும், காய்ந்தால் பிளாஸ்டிக். துணியில் பட்டால் அந்த நிமிடமே பாத்ரூமுக்கு ஓடி சோப்புப் போட்டுக் கசக்குங்கள். வீட்டுக்குப் போய் ஊறவைக்கலாம் என்று இருந்தால் கறை குடியேறிவிடும். காய்ந்துவிட்டால் மருந்துக் கடையில் விற்கும் ரப்பிங் ஆல்கஹாலால் தேய்த்துப் பார்க்கலாம், பாதி போகும்.

பட்டுப் புடவை, காஞ்சி காட்டன் எல்லாம் வேண்டவே வேண்டாம். துப்பட்டாவைக் காரிலேயே விட்டுவிடுங்கள், அது நேராகக் கலர் தட்டில்தான் போய் விழும்.

அந்த இரண்டு மணி நேரத்தில் என்னென்ன நடக்கும்?

அந்தி வானமும் மரமும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

கால்மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். இருபது நிமிடம் தாமதமானால் வானம் போய்விடும். வானம் இல்லாமல் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியாது. உட்காரும்போது முன்வரிசையின் ஓரம் நல்லது. வலக்கைக்காரர் என்றால் தண்ணீர் கப்பை வலப்பக்கமும் ஒயினை இடப்பக்கமும் தள்ளி வையுங்கள். இரண்டும் ஒரே மாதிரிப் பிளாஸ்டிக் கப்பாக இருந்துவிட்டால், எட்டு மணிக்கு மேல் பிரஷ் எதில் முங்கும் என்று சொல்ல முடியாது.

முதல் வேலை பின்னணி. ஓர் அங்குல அகல பிரஷ்ஷை நனைத்து டிஷ்யூவில் ஒற்றிக்கொண்டு, மேலே நீலம், கீழே அடிவானத்தில் மஞ்சள், இடமிருந்து வலமாக நீள இழுப்பு. இங்கேதான் முதல் விபத்து. நீலமும் மஞ்சளும் நேராகச் சந்தித்தால் வானம் பச்சையாகிவிடும். அதனால்தான் நடுவில் வெள்ளையோ இளஞ்சிவப்போ வைக்கச் சொல்வார்கள். நிறத்திலிருந்து நிறத்துக்குப் போகும்போது பிரஷ்ஷைக் கழுவுங்கள், ஆனால் சொட்டச் சொட்ட வைக்காதீர்கள். அக்ரிலிக் சில நிமிடங்களிலேயே இறுகத் தொடங்கும். பாதி காய்ந்த இடத்தில் மறுபடி தேய்த்தால், வெந்துகொண்டிருக்கும் தோசையின் மேல் கரண்டி போட்ட மாதிரி பிய்ந்துகொண்டு வரும். தேய்க்க வேண்டியதை ஈரத்திலேயே தேய்த்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

பிறகு பத்து, பதினைந்து நிமிட இடைவேளை. உதவியாளர்கள் ஹேர் டிரையரோடு வந்து கேன்வாஸைக் காயவைப்பார்கள். கிளாஸை நிதானமாகக் குடிக்க வேண்டிய நேரம் இதுதான். இடைவேளைக்கு முன்பே இரண்டு கிளாஸ் போனவர்களை இரண்டாம் பாதியில் அவர்களின் மரக்கிளையைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

காய்ந்த பின் பார்த்தால் வானம் கொஞ்சம் இருண்டிருக்கும். அக்ரிலிக்கில் உள்ள பசை ஈரத்தில் பால் நிறமாக இருந்து, காய்ந்ததும் தெளிந்துவிடும். அதனால் நிறம் ஒரு படி கருக்கும். கலக்கும்போதே வேண்டிய நிறத்தைவிடக் கொஞ்சம் வெளிறக் கலக்குங்கள்.

அடுத்தது தூரத்து மலை, தண்ணீர், அதில் விழும் வெளிச்சம். தூரத்தில் இருப்பது வெளிறி, பக்கத்தில் இருப்பது அழுத்தமாக. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் படத்துக்கு ஆழம் வந்துவிடும்.

கடைசியில் மரம். தண்டுக்கு நடுத்தர பிரஷ். கிளைக்கு மெல்லிய பிரஷ்ஷும், மை மாதிரி நீர்க்கக் கரைத்த கறுப்பும். தண்டில் அழுத்தித் தொடங்கி, நுனிக்குப் போகப் போகக் கையை லேசாக்கிக்கொண்டே தூக்கிவிட வேண்டும். நுனியிலிருந்து தண்டுக்கு இழுத்தால் கிளை கம்பியாக நிற்கும். மூச்சை விட்டுக்கொண்டே இழுங்கள், நடுக்கம் குறையும்.

பிறகு தண்ணீரில் வெளிச்சம் விழும் இடத்தில் இரண்டு மூன்று வெள்ளைத் தீற்றல். அதோடு நிறுத்துங்கள். மூலையில் கையெழுத்து, குரூப் போட்டோ, அவ்வளவுதான்.

கெடுத்துவிட்டால் என்ன செய்வது?

ஈரமாக இருந்தால் நனைத்த டிஷ்யூவால் துடையுங்கள். காய்ந்திருந்தால் அதன்மேல் அடிநிறத்தைப் பூசி, அது காய்ந்தபின் மறுபடி வரையுங்கள். தப்பு நடந்த இடத்தை உடனே சரிசெய்யப் போகும்போதுதான் சேறாகிறது. தீராத இடத்தில் ஒரு பறவையையோ புதரையோ வைத்து மறைத்துவிடலாம், சொல்லித்தருபவர்களே அதைத்தான் செய்வார்கள். அவர்களைக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

டிவியில் வரைந்து காட்டிய பாப் ராஸ் மாதிரி பிரஷ்ஷைத் தட்டித் தட்டி மரம் வரவைக்கலாமா?

அவர் பயன்படுத்தியது எண்ணெய் வண்ணம். வெள்ளைப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் அடுத்த நிறத்தை வைப்பார், அது மணிக்கணக்கில் காயாது. அக்ரிலிக் அதற்கு இடம் கொடுக்காது.

ஒயின் சைவமா? சீஸ் தட்டில் கை வைக்கலாமா?

ஒயின் திராட்சைதான். ஆனால் அதைத் தெளியவைக்கச் சில தயாரிப்பாளர்கள் முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருள் என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்து, பிறகு வடித்துவிடுவார்கள். கறாராகப் பார்ப்பவர்கள் ‘வீகன்’ என்று அச்சிட்ட பாட்டிலை வாங்குங்கள். பழைய முறை சீஸ் சிலவற்றில் பாலைத் திரையவைக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் இருக்கும், பார்மசான் அப்படிப்பட்டது. வெளிச் சாப்பாட்டை அனுமதிக்கும் ஸ்டூடியோக்கள் நிறைய. நம் ஊர்க் கடைகள் நிறைந்த நியூ ஜெர்சி ஓக் ட்ரீ சாலையில் ஒரு பாக்கெட் முறுக்கு வாங்கிப் போங்கள், மேசையில் முதலில் காலியாவது அதுதான்.

இவ்வளவு பார்ப்பவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். ‘ஐவரி பிளாக்’ என்று விற்கும் கறுப்பு, விலங்கு எலும்பைக் கரியாக்கிச் செய்வது. ‘மார்ஸ் பிளாக்’ இரும்பு ஆக்சைடு. பிரஷ்கள் பெரும்பாலும் நைலான் இழைதான்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். கூட்டிப்போகலாமா?

தாராளமாக. முதலில் “அங்கே குடிப்பாங்களாமே” என்பார்கள். சனிக்கிழமை மதிய வகுப்புக்குக் கூட்டிப்போங்கள், அந்த நேரத்தில் பாதிப் பேர் காபிதான் குடிப்பார்கள்.

என் மாமியார் வந்திருந்தபோது பிர்ச் மர வகுப்புக்கு அழைத்துப்போனேன். வாசலில் பாஸ்போர்ட் கேட்டதும் “எனக்கு அறுபத்தேழு வயசுப்பா” என்று தமிழிலேயே அந்தப் பையனிடம் சொன்னார். உள்ளே வானம் பூசும்வரை அசௌகரியமாகத்தான் இருந்தார். பிரஷ் அவருக்குப் பழக்கமில்லை. மெல்லிய கிளை போடச் சொன்னபோதுதான் கை விழித்துக்கொண்டது. மற்றவர்கள் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருக்க, அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தார். ஐம்பது வருடம் வாசலில் குனிந்து கோலமிழை இழுத்த கை. சொல்லித்தந்த பெண் மைக்கை அணைத்துவிட்டு அவர் பின்னால் வந்து நின்றுகொண்டாள். “அத்தை, அவங்க உங்களைப் பாக்கறாங்க” என்றேன். “பாக்கட்டும், நீ ஒன்னோட மரத்தைப் பாரு, சாயுது” என்றார்.

மொழி தெரியாவிட்டாலும் பிரச்சினையில்லை, முன்னால் வரைவதைப் பார்த்தே போடலாம். ஒரே சிக்கல் நாற்காலி. பல இடங்களில் உயரமான பார் ஸ்டூல்தான் இருக்கும். முழங்கால் வலி இருந்தால் முன்பே போன் செய்து சாதாரண நாற்காலி கேளுங்கள்.

குழந்தைகளை?

மாலை வகுப்புகளுக்கு வயது வரம்பு இருக்கும். குடும்பத்தோடு வரலாம் என்று தனியாகப் பகல் வகுப்புகள் போடுவார்கள், அதில் மது இருக்காது.

தனியாகப் போகலாமா? கணவன் மனைவியாகப் போனால்?

தனியாக வருபவர்கள் நினைப்பதைவிட அதிகம். செவ்வாய், புதன் மாலைகள் அதற்கு ஏற்றவை. சனி இரவு மணப்பெண் தோழிகள் கூட்டம் ஒன்று வந்து கூரையைப் பெயர்க்கும்.

ஜோடிகளுக்கென்று ஒரு வகை உண்டு. ஆளுக்கொரு கேன்வாஸ், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே படம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இரண்டு பேரின் அடிவானமும் ஒரே உயரத்தில் சேர வேண்டும், நீலமும் ஒன்றாக இருக்க வேண்டும். “நான் சொன்ன நீலம் இது இல்ல” என்று காரில் வரும்வரை நீண்டதைப் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்திலேயே இரண்டு கேன்வாஸையும் சேர்த்து வைத்துப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஒரே தட்டில் நீலத்தைக் கலந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும்.

வரைந்ததை விற்கலாமா?

வீட்டில் மாட்டலாம், பரிசளிக்கலாம். விற்பது வேறு கதை. மாதிரிப் படம் அந்த ஸ்டூடியோவின் அல்லது அதை வரைந்த ஓவியரின் காப்புரிமை. வான் கோ போன்ற பழைய படங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

சென்னையில் இது உண்டா?

வரைவது உண்டு, குடிதான் மாறும். தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். உரிமம் இல்லாத இடத்தில் பரிமாற முடியாது. அதனால் கஃபேக்களில் காபியோடும், மது கலக்காத மாக்டெயிலோடும் நடத்துகிறார்கள். வகுப்பு அதேதான், வீட்டுக்கு ஆட்டோ பிடிக்கிற கவலை மட்டும் குறைவு.

படத்தை ஊருக்கு எடுத்துப்போவது எப்படி?

வழக்கமான கேன்வாஸ் 16க்கு 20 அங்குலம். பெரிய சூட்கேஸில் துணிகளுக்கு நடுவே படுக்கவைத்தால் போகும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே இறுக இன்னும் சில நாள் ஆகும், அதனால் வகுப்பு முடிந்த மறுநாளே கட்டாதீர்கள். அக்ரிலிக் சூட்டில் இளகும். இரண்டு படங்களை முகத்தோடு முகம் வைத்தால் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது ஒன்றின் வானம் மற்றொன்றில் வந்துவிடும். குமிழி உறையை நேராக மேலே சுற்றினாலும் வட்ட வட்டமாகத் தடம் விழும். கேக் செய்யும்போது அடியில் போடும் பட்டர் பேப்பரை முதலில் படத்தின்மேல் விரித்து, அதன்மேல் குமிழி உறை சுற்றுங்கள். இடமே இல்லையென்றால் பின்பக்க ஸ்டேபிள்களைப் பிடுங்கி, துணியைச் சட்டத்திலிருந்து கழற்றி, படம் வெளிப்பக்கம் இருக்கும்படி தளர்வாகச் சுருட்டுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் பெயிண்ட் மடங்கி வெடிக்கும். சட்டம் போட்டுத்தரும் கடை நம் ஊரில் எல்லாத் தெருவிலும் இருக்கிறது. சாமி படத்துக்குப் போடுகிறவரே இதற்கும் போட்டுத்தருவார். கண்ணாடி மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.